காலி மாதத்தின் விலை

வாடகை வீடு வைத்திருப்பவரிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் மாத வாடகையைச் சொல்வார். அதைப் பன்னிரண்டால் பெருக்கிய தொகையே ஆண்டு வருமானம் என்று மனதில் பதிந்திருக்கும். வீடு காலியாகக் கிடந்த மாதங்களும் புரோக்கருக்குக் கொடுத்த பணமும் வெள்ளையடித்த செலவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவை எப்போதோ ஒருமுறை வருவதால் தனித்தனிச் செலவுகளாக மறந்துபோகின்றன. நான் வாடகைக்கு விடுவதில் கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் வாடகைக்கு விடும் ஒருவருக்கு லாபத்தைத் தீர்மானிப்பது வாடகைத் தொகை இல்லை. குடியிருப்பவர் எத்தனை ஆண்டு தங்குகிறார் என்பதுதான். நூறு வீடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஐந்து வீடு காலியானால் ஐந்து சதவீத இழப்பு. ஒரே ஒரு மாடி போர்ஷனை விட்டிருக்கும் ஓய்வூதியக்காரருக்கு அது காலியானால் அந்த மாதம் வாடகை வருமானமே கிடையாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால், சிறு வீட்டுக்காரர் எடுக்கவேண்டிய முடிவுகள் பலவும் வழக்கத்துக்கு மாறாக அமையும்.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 15,000 ரூபாய். ஆண்டு முடிவில் வாடகையை ஐந்து சதவீதம் ஏற்றினால் 750 ரூபாய் கூடும். பத்து சதவீதம் ஏற்றினால் 1,500. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஆண்டுக்கு 9,000 ரூபாய். பத்து சதவீதம் கேட்டதால் குடியிருப்பவர் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் வர ஒன்றரை மாதம் ஆனால் 22,500 ரூபாய் போயிற்று. புரோக்கர் கமிஷனாக ஒரு மாத வாடகை 15,000. பெயின்ட், குழாய், சுவிட்ச், சுத்தம் செய்தல் எல்லாம் சேர்த்து 25,000 என்றால் மொத்தம் 62,500. ஆண்டுக்கு 9,000 கூடுதலாகப் பெறுவதற்காக இழந்த இந்தத் தொகையை மீட்க ஏறத்தாழ ஏழு ஆண்டு ஆகும். வெள்ளையடிப்பு எப்படியும் ஒருநாள் செய்யவேண்டிய செலவுதானே என்று கேட்கலாம். நியாயம்தான். அந்த 25,000-ஐ முழுவதுமாகக் கழித்துவிட்டாலும் 37,500 மிஞ்சுகிறது. அதை ஈடுகட்ட நான்கு ஆண்டுக்கு மேல் வேண்டும். அதற்குள் இன்னொரு முறை வீடு காலியானால் கணக்கு மறுபடி தொடக்கத்துக்கே வந்துவிடும்.

அப்படியானால் வாடகையை ஏற்றவே கூடாதா? ஏற்ற வேண்டும். பத்து ஆண்டு ஒரே வாடகையில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு வாடகையைக் கேள்விப்பட்டு ஒரே நாளில் ஐயாயிரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். குடியிருப்பவரைத் துரத்துவதற்கு அதைவிட நிச்சயமான வழி கிடையாது. ஏற்றம் சிறிதாக, ஆண்டுதோறும், முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். ஐந்து சதவீதம் என்று எழுதிவிட்டால் 15,000 ரூபாய் வாடகை ஐந்து ஆண்டில் 19,000-ஐத் தாண்டிவிடும். குடியிருப்பவருக்கும் அடுத்த ஆண்டு எவ்வளவு என்பது தெரியும். அதற்கேற்பத் தன் சம்பளத்தில் திட்டமிடுவார். ஒவ்வோர் ஆண்டும் பேரம் பேசும் சங்கடம் இருவருக்கும் மிச்சம். சந்தை வாடகைக்குச் சற்றுக் கீழே நிற்பதில் இழப்பு ஏதும் இல்லை என்பதே என் கருத்து. "இந்த வாடகையில் இப்படி ஒரு வீடு வேறெங்கும் கிடைக்காது" என்று குடியிருப்பவர் நினைக்கும் அந்த ஐநூறு, ஆயிரம் ரூபாய் இடைவெளிதான் அவரைத் தங்கவைக்கிறது.

காலி மாதங்களைக் குறைக்க இன்னொரு வழி உண்டு. அதற்குச் செலவே இல்லை. நம் ஊரில் வீடு மாறுவதற்கென்று காலம் இருக்கிறது. ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள், மார்கழியில் மாட்டார்கள், புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். பிள்ளைகள் படிக்கும் குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில்தான் மாறும். இதில் நமக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. குடிவருபவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்க்கிறார்கள். ஜூலை நடுவில் காலியாகும் வீடு ஆடி முடியும்வரை பூட்டிக் கிடக்க நேரும். ஆனால் எல்லாரும் வழக்கப்படி பதினொரு மாத ஒப்பந்தம் போடுகிறார்கள். அது ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஒரு மாதம் முன்னால் நகரும். ஜூனில் தொடங்கியது ஏப்ரல் கடைசியில் முடியும், அடுத்தது மார்ச்சில், பிறகு பிப்ரவரி, ஜனவரி என்று நகர்ந்து மார்கழிக்குள் போய்விடும். ஒப்பந்தம் முடியும் நாளைத் தை மாதத்திலோ கோடை விடுமுறையிலோ வரும்படி நிர்ணயித்துக்கொள்ளுங்கள். காலி செய்வதற்கு முன்னறிவிப்பு இரண்டு மாதம் என்று எழுதிக்கொண்டால், அடுத்தவரைத் தேட அவகாசமும் கிடைக்கும்.

குடியிருப்பவர் ஏன் போகிறார் என்று பார்த்தால், வேலை மாற்றமும் சொந்த வீடும் நம் கையில் இல்லாத காரணங்கள். மற்றவற்றில் பெரும்பங்கு பழுது பார்க்காததும் தண்ணீரும்தான். ஒழுகும் மொட்டை மாடி, ஓதம் ஏறிய சுவர், அடிக்கடி நின்றுபோகும் மோட்டார் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒரு குடும்பம் தங்காது. யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற வாக்குவாதத்துக்குச் சட்டமே விடை தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில் யார் பொறுப்பு எது என்று அட்டவணையிட்டுப் பிரித்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின் வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், வடிகால் அடைப்பு, சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. இந்தப் பிரிவினையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது. மொட்டை மாடித் தட்டோட்டையும் மழைநீர்க் குழாயையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணியிலேயே பார்த்துவிட வேண்டும். ஐப்பசியில் ஒழுகத் தொடங்கிய பிறகு ஆளும் கிடைக்காது, தளமும் காயாது.

பழுதுபார்க்கும் செலவு லாபத்தைத் தின்றுவிடும் என்பவர்களுக்கு வருமானவரிச் சட்டத்தை நினைவூட்ட விரும்புகிறேன். வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று எடுத்துவிட்டுத்தான் வரி போடுகிறார்கள். செலவழித்தாலும் செலவழிக்காவிட்டாலும் அந்த 30 சதவீதம் உண்டு. அதற்கு மேல் செலவழித்தாலும் கூடுதலாகக் கழிக்க முடியாது. வாடகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கே திரும்பப் போகக்கூடும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது. அதில் பாதியையாவது ஒவ்வொரு மாதமும் தனியாக எடுத்துவைத்தால், மோட்டார் எரிந்துபோன நாளில் கடன் வாங்க வேண்டிய அவசியம் வராது, குடியிருப்பவரும் மூன்று நாள் குடத்தில் தண்ணீர் தூக்க வேண்டியிருக்காது.

மின்கட்டணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மின்வாரியம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகத் தருகிறது. ஒரே இணைப்பில் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வசூலிக்கும் வீட்டுக்காரர்கள், மாதம் சில நூறு ரூபாய்க்காக, ஒவ்வொரு முறை ரீடிங் எடுக்கும்போதும் குடியிருப்பவரின் மனத்தாங்கலைச் சம்பாதிக்கிறார்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வாங்கி, பில்லை அவர்களே கட்டும்படி விட்டுவிடுவதே நியாயம்.

இனி அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதம் என்று வைத்திருக்கிறது. இருவரும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சம்மதித்தால் கூடுதலாக வாங்கலாம். ஒன்றிய அரசு 2021-இல் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் வீடுகளுக்கு இரண்டு மாதம் என்கிறது. பெரிய அட்வான்ஸ்தான் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள், அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று தங்களையே கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ செலவாகியிருக்கும். வீடு காலியானதும், தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித்தர வேண்டும் என்கிறது தமிழ்நாட்டுச் சட்டம். கையில் பணம் இல்லாதவர் "அடுத்தவர் அட்வான்ஸ் தந்ததும் தருகிறேன்" என்பார். இதில் குடியிருப்பவருக்கு நேரும் அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டுக்காரரே தன் கையைக் கட்டிக்கொள்கிறார் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றரை லட்சத்தைத் திருப்பித்தர வழியில்லாதவர், வாடகை ஒழுங்காகத் தராத ஒருவரைக்கூடக் காலி செய்யச் சொல்ல முடியாது. அவசரத்தில் கிடைத்த முதல் ஆளையே குடிவைக்கவும் வேண்டியிருக்கும். அட்வான்ஸ் என்பது கடன். வங்கியில் வைப்புநிதியாக, அந்த வீட்டின் பெயர் சொல்லித் தனியாக இருக்க வேண்டிய பணம். மூன்று அல்லது நான்கு மாத வாடகை போதும். தொகை குறையும்போது நல்ல குடும்பங்கள் அதிகம் வந்து கேட்கும் என்பது கூடுதல் பயன்.

நீண்டநாள் தங்கவைக்க வேண்டும் என்று சொன்னால் உடனே எழும் அச்சம் ஒன்று இருக்கிறது. "பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும்" என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். இதற்குப் பயந்தே மூன்று ஆண்டுக்கொருமுறை நல்ல குடியிருப்பாளர்களை மாற்றுகிறவர்கள் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு என்பது இருக்கிறது, உண்மைதான். உரிமையாளரின் உரிமையை மறுத்து, அவருக்கு எதிராக, வெளிப்படையாகவும் தொடர்ந்தும் ஒருவர் அனுபவித்துவரும் சொத்தைப் பற்றியது அது. வாடகை தந்து குடியிருப்பவர் உங்கள் அனுமதியின்பேரில் இருக்கிறார். ஒவ்வொரு மாத வாடகையும் வீடு உங்களுடையது என்பதற்கான ஒப்புதல். வாடகைக்கு வந்தவர், குடியிருக்கும் காலத்தில், வீட்டுக்காரருக்கு உரிமையே இல்லை என்று வாதிட முடியாது என்பது நம் சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள விதி. ஆபத்து வருவது எழுத்து இல்லாத இடத்தில். ஒப்பந்தம் கிடையாது, வாடகை ரொக்கமாக, ரசீது கிடையாது, சில ஆண்டாக வாங்கவும் இல்லை, உறவுக்காரர் என்று சும்மா விட்டிருக்கிறோம் என்றால் அங்கேதான் வழக்கு முளைக்கும். வாடகை வங்கிக் கணக்கில் வரட்டும். ஒப்பந்தம் விடாமல் புதுப்பிக்கப்படட்டும். இருபது ஆண்டு குடியிருந்தாலும் வீடு உங்களுடையதே.

ஒப்பந்தத்தை இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்பது பழைய பழக்கம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்; அதை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்து எண் பெற வேண்டும். பதினொரு மாதமானாலும் விலக்கு இல்லை. பதிவு செய்தால் வாடகை வருமானம் வரித்துறைக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும். சிறு வீட்டுக்காரர் பலருக்கு, 30 சதவீதக் கழிவுக்குப் பிறகு, வரியே வராது அல்லது மிகச் சிறிதாக வரும். ஆனால் தகராறு வரும் நாளில் பதிவில்லாத ஒப்பந்தம் சான்றாக எடுபடாது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தவரை வெளியேற்றவும், காலம் முடிந்தும் போகாதவரிடம் இருமடங்கு வாடகை கேட்கவும் சட்டம் வழி தந்திருக்கிறது. அந்த வழியில் நுழைய ஒப்பந்தமும் பதிவும் வேண்டும். தண்ணீரை நிறுத்துவது, ஃப்யூஸைப் பிடுங்குவது போன்ற குறுக்குவழிகளைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அவற்றில் இறங்கினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் குற்றம் உங்கள் மேல் விழும்.

வழக்கு வருமே என்று வீட்டையே பூட்டிவைப்பவர்களும் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. அவற்றில் எல்லாமே பயத்தால் பூட்டப்பட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கும் அதில் பங்குண்டு. பூட்டிய வீடு சும்மா இருப்பதில்லை. சொத்து வரி ஓடும், பராமரிப்புக் கட்டணம் ஓடும், கரையான் ஏறும், குழாய் துருப்பிடிக்கும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதிலேயே இதுதான் அதிகச் செலவு பிடிப்பது.

யாரைக் குடிவைப்பது என்ற கேள்வியில் நம் ஊர் வீட்டுக்காரர்கள் செய்யும் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சாதி கேட்கிறார்கள், மதம் கேட்கிறார்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கிறார்கள்; தனியாக வாழும் பெண் என்றால் கதவைச் சாத்துகிறார்கள். இது மனிதருக்குச் செய்யும் அவமதிப்பு என்பதே போதுமான காரணம். அதோடு இந்தக் கேள்விகள் எதுவும் வாடகை ஒழுங்காக வருமா, வீடு நன்றாக இருக்குமா என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியவை வேறு. வேலை எங்கே, எத்தனை ஆண்டாக. வருமானத்தில் வாடகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா. முந்தைய வீட்டில் எத்தனை ஆண்டு இருந்தார், ஏன் மாறுகிறார். முந்தைய வீட்டுக்காரர் என்ன சொல்கிறார். கடைசிக் கேள்விதான் ஆகச் சிறந்தது. ஒரு போன் போட்டால் போதும். பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருந்தால் அந்தக் குடும்பம் எளிதில் மாறாது. சாதியால் பத்துப் பேரில் எட்டுப் பேரைத் தள்ளிவிட்டு, மிஞ்சிய இருவரில் ஒருவருக்காகக் காத்திருக்கும் வீடுதான் மாதக்கணக்கில் டூலெட் போர்டோடு நிற்கிறது.

இதுவரை சொன்னவை ஏற்கெனவே வீடு உள்ளவர்களுக்கு. வாடகைக்கென்றே வீடு வாங்க நினைப்பவர்களுக்குக் கணக்கு கடுமையானது. நம் நகரங்களில் வீட்டு விலையில் இரண்டு முதல் நான்கு சதவீதம் வரைதான் பொதுவாக ஆண்டு வாடகையாகக் கிடைக்கிறது. 60 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு, வாடகை 18,000 என்றால் 3.6 சதவீதம். பத்திரச் செலவு 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம். முப்பது மாத வாடகை முதல் நாளே போய்விடுகிறது. 45 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 39,000. வாடகை அதில் பாதிகூட வராது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாயிற்று, ஓய்வுக்காலப் பணத்தை அதில் போட்டால் பழுதும் இல்லை, காலி மாதமும் இல்லை. நிலத்தின் விலை ஏறுமே என்பார்கள். ஏறலாம், விற்றால்தான் அது கைக்கு வரும், விற்கும் எண்ணம் நம்மில் பலருக்குக் கிடையாது. ஆகவே கடன் வாங்கி, வாடகையை நம்பி, இரண்டாவது வீடு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருக்கிற வீட்டின் மேல் முறையான அனுமதியோடு ஒரு மாடி எழுப்புவதில் நிலத்தின் விலை மிச்சமாகிறது. அங்கே வாடகைக் கணக்கு ஓரளவு கட்டுப்படியாகும்.

கையில் பணம் இருந்து வாங்கத் துணிந்துவிட்டால், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுவதோடு, குடியிருப்பவரின் கண்ணாலும் வீட்டைப் பாருங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது அந்தத் தெருவில் போர்வெல்லில் தண்ணீர் இருந்ததா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது? வேளச்சேரி, முடிச்சூர் பக்கங்களில் தெருவுக்குத் தெரு பதில் மாறும். கேட்கவேண்டிய ஆள் விற்பவர் இல்லை. எதிர்வீட்டில் பத்து ஆண்டு குடியிருப்பவரும் மூலைக் கடைக்காரரும்தான். ரயில் நிலையத்துக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ நடந்து போகும் தூரத்தில் உள்ள சிறிய வீடு, எட்டாத இடத்தில் உள்ள பெரிய வீட்டைவிட விரைவில் ஆள் பிடிக்கும்.

ஏற்கெனவே ஒப்பந்தம் இல்லாமல் யாரையாவது குடிவைத்திருந்தால், இந்த மாதமே அவரை உட்காரவைத்துப் பேசி எழுதிப் பதிவு செய்யுங்கள். அவரிடம் வாங்கிய அட்வான்ஸ் செலவாகிவிட்டிருந்தால், வரும் வாடகையிலிருந்து மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ ஒதுக்கி அதை வங்கியில் மறுபடி சேர்க்கத் தொடங்குங்கள்.